ஆறு இடம் மாறினால் மாநில எல்லையும் மாறுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "இந்தியாவில் பல மாநில எல்லைகள் ஆறுகளாகவும் மலைகளாகவும் இருக்கின்றன. ஆறு பாதை மாறினால் எல்லையும் கூடவே மாறுமா? இயற்கையே போட்டுக்கொடுத்த எல்லை என்றால் சண்டைக்கு இடமில்லையே?"

முதல் கேள்விக்குப் பதில், அந்த எல்லையைச் சட்டத்தில் எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. "ஆற்றின் ஆழமான நீரோட்டமே எல்லை" என்று எழுதியிருந்தால், ஆறு நகரும்போது எல்லையும் நகரும். அளந்து கோடு போட்டு வைத்திருந்தால் ஆறு எங்கே போனாலும் எல்லை போட்ட இடத்திலேயே நிற்கும். அந்தக் கோட்டை மாற்ற அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இடமுண்டு, நிறையவே உண்டு. இயற்கை எல்லை எதையும் போட்டுக்கொடுப்பதில்லை. ஆற்றையும் மலையையும் எல்லை என்று தீர்மானித்தவர்கள் மனிதர்கள். அப்படித் தீர்மானித்தபோது எதைச் சொல்லாமல் விட்டார்களோ அங்கேதான் பிற்காலத்தில் தகராறு முளைத்திருக்கிறது.

ஆற்றை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எளிதில் புரிகிற விஷயம்தான். நிலத்தை முழுதாக அளக்க ஆளோ கருவியோ இல்லாத காலத்தில், கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் வேண்டியிருந்தது. "ஆற்றுக்கு அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு" என்றால் வேலை முடிந்தது. ஆனால் ஆறு என்பது கோடு கிடையாது. அதற்கு அகலம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஓர் அகலம், கோடையில் ஓர் அகலம். அந்த அகலத்துக்குள் எல்லைக்கோடு எங்கே விழுகிறது? நடு ஆற்றிலா, ஆழம் அதிகமான நீரோட்டத்திலா, அல்லது ஆறு முழுவதும் ஒருவருக்கே சொந்தமாகி எதிர்க்கரையில்தான் எல்லையா? உலகத்தில் இந்த மூன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

மூன்றாவது வகைக்கு ஆஸ்திரேலியாவின் மர்ரி ஆறு நல்ல உதாரணம். நியூ சவுத் வேல்ஸுக்கும் விக்டோரியாவுக்கும் நடுவே ஓடும் இந்த ஆறு முழுவதும் நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம் என்று 1855ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தெற்குக் கரையிலிருந்துதான் விக்டோரியா தொடங்குகிறது. ஆனால் கரை என்றால் எது? தண்ணீர் தொடும் இடமா, சரிவின் மேல்விளிம்பா? நூறாண்டுக்கு மேலாக இது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. பிறகு ஒரு கொலை நடந்தது. தெற்குக் கரையில், தண்ணீர் ஓரமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தவரைக் கரையின் மேலே நின்ற ஒருவர் சுட்டுவிட்டார். விக்டோரியா நீதிமன்றம் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. 1980இல் அந்த நீதிமன்றம், எல்லை சரிவின் மேல்விளிம்பில்தான் இருக்கிறது, ஆகவே சுடப்பட்டவர் இருந்த இடம் நியூ சவுத் வேல்ஸ் என்று சொல்லி, விக்டோரியாவின் தீர்ப்பை ரத்து செய்தது. மனநிலைக் குறைபாட்டைக் காட்டிக் கொலைக் குற்றத்தின் தீவிரத்தைக் குறைத்துக்கொள்ளும் வாதத்துக்கு நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தில் இடமிருந்தது, விக்டோரியா சட்டத்தில் அன்று இடமில்லை. ஒரு மனிதனின் தண்டனை கரைச்சரிவில் சில அடிகளை நம்பி இருந்தது. இந்த வழக்கைத் தெரிந்துகொண்ட பிறகு "கரை வரை" என்று எழுதிய எந்த அரசாணையையும் என்னால் அமைதியாகப் படிக்க முடிவதில்லை.

சரி, ஆறு நகர்வதற்கு வருவோம். எல்லா ஆறும் நகர்வதில்லை. பாறையைக் குடைந்துகொண்டு ஓடும் ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒரே இடத்தில் கிடக்கும். வண்டல் சமவெளியில் ஓடும் ஆறு அப்படியிருக்காது. வளைவின் வெளிப்பக்கக் கரையை அரிக்கும், உள்பக்கத்தில் மணலையும் வண்டலையும் போடும். வளைவு பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு பெருவெள்ளத்தில் வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிடும். பழைய வளைவு ஏரியாகத் தேங்கிவிடும்.

கங்கையும் காக்ராவும் இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தை வரைபடத்தில் பாருங்கள். தெற்கே கங்கை, வடக்கே காக்ரா, தெற்கே அக்கரையில் பீகார், வடக்கே அக்கரையிலும் ஒரு பகுதி பீகார். இரு மாநிலங்களுக்கும் இடையே ஆழமான நீரோட்டமே எல்லை என்ற விதி நெடுநாள் இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு கங்கையின் ஆழமான ஓட்டம் வடக்கே தள்ளிப் போயிருந்தால், நேற்று வரை உத்தரப் பிரதேசத்தில் இருந்த நிலம் இன்று பீகார். அடுத்த சில ஆண்டுகளில் மறுபடியும் இந்தப் பக்கம் வரலாம். ஆறு விட்டுப்போகிற இந்தப் படுகை நிலத்தை அங்கே தியாரா என்பார்கள். வண்டல் ஏறிய மண், எருவே போடாமல் விளையும். ஆகவே அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. எந்த மாநிலத்துத் தாசில்தார் வரி வசூலிப்பது, எந்தக் காவல் நிலையம் புகாரை வாங்குவது என்று தெளிவில்லாத இடத்தில், தடியும் ஆளும் வைத்திருப்பவர் விதைத்ததே பயிர், அவர் அறுத்ததே அறுவடை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. தனியார் நிலத்துக்கு வேறொரு சட்டம் அதற்கு முன்பே இருந்தது. 1825ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறை, ஆறு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொடுக்கும் நிலம் அடுத்திருக்கும் நிலத்துக்காரருக்குச் சேரும் என்றது. ஆறு திடீரென்று பாதை மாறி, அடையாளம் தெரிகிற நிலத்தை அப்படியே எதிர்ப்பக்கம் விட்டுவிட்டால், நிலம் பழைய உரிமையாளருடையதே என்றது. ரோமானியர் காலத்திலிருந்து வருகிற பகுத்தறிவு இது: மெல்ல வந்தது ஒட்டிக்கொள்ளும், ஒரே நாளில் நடந்தது உரிமையை மாற்றாது. ஆனால் மாநில எல்லைக்கு ஆழநீரோட்டம், நில உரிமைக்கு இந்த ஒழுங்குமுறை என்று இரண்டு அளவுகோல் இருந்ததால், ஒரே வயலின் உரிமையாளர் ஒரு மாநிலத்திலும் வயல் இன்னொரு மாநிலத்திலும் கிடக்கும் நிலை சாதாரணமானது.

அமெரிக்கா மாநில எல்லைக்கும் அதே பழைய விதியையே எடுத்துக்கொண்டது. மெதுவான அரிப்பில் எல்லை ஆற்றோடு நகரும், திடீர் மாற்றத்தில் பழைய இடத்திலேயே நிற்கும். 1877இல் மிசௌரி ஆறு ஒரு வெள்ளத்தில் தன் வளைவை அறுத்துக்கொண்டது. அயோவா மாநிலத்தின் ஒரு துண்டு நெப்ராஸ்கா பக்கம் ஒதுங்கிவிட்டது. 1892இல் உச்ச நீதிமன்றம், மாற்றம் திடீரென்று நடந்ததால் அந்தத் துண்டு அயோவாவே என்றது. கார்ட்டர் லேக் என்ற அந்தச் சிறு நகரம் இன்றும் ஆற்றுக்கு மேற்கே, நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஒமாஹா நகர மையத்திலிருந்து அதன் விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது நடுவில் கொஞ்ச தூரம் அயோவாவுக்குள் போய் வெளியே வர வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரான கஸ்காஸ்கியாவுக்கும் இதே கதி. 1881 வெள்ளத்தில் மிசிசிப்பி பாதை மாறியதால், அந்த ஊருக்கு இன்று மிசௌரி மாநிலம் வழியாகத்தான் சாலை.

கென்டக்கியின் கதை இன்னும் விசித்திரம். ஒஹையோ ஆற்றின் வடகரையில் நீர் தாழ்ந்திருக்கும் கோடு வரை கென்டக்கிக்குச் சொந்தம். எந்த ஆண்டின் நீர்க்கோடு என்று கேட்டு வழக்கு நடந்தது. 1980இல் உச்ச நீதிமன்றம், கென்டக்கி மாநிலமான 1792ஆம் ஆண்டில் நீர் எங்கே நின்றதோ அந்தக் கோடு என்று முடிவு சொன்னது. அதன் பிறகு கட்டிய அணைகளால் நீர்மட்டம் உயர்ந்துவிட்டதால், அந்தக் கோடு இன்று பல இடங்களில் தண்ணீருக்கடியில் கிடக்கிறது.

இந்தியா வேறு வழியில் போனது, அது சரியான வழி என்றே நான் நினைக்கிறேன். நகரும் எல்லையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பீகார், உத்தரப் பிரதேச வழக்கில் சி. எம். திரிவேதி நடுவராக இருந்து பரிந்துரை தந்தார். அதன் அடிப்படையில் 1968இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. ஆழநீரோட்டம் போய், நிலையான எல்லை வந்தது. யமுனைக்கு இரு பக்கமும் உள்ள அரியானாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் உமா சங்கர் தீட்சித் நடுவராக இருந்தார். அதற்கான சட்டம் 1979இல் வந்தது.

காகிதத்தில் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் நிலையான எல்லையைக் காட்ட நட்ட தூண்கள் எங்கே நின்றன? யமுனையின் படுகையிலேயே. நகரும் ஆறு தூண்களையும் அடித்துக்கொண்டு போனது. தூண் போன இடத்தில் விவசாயிக்குத் தெரிகிற ஒரே எல்லை மறுபடியும் ஆறுதான். சோனிபத், பானிபத், கர்னால் பக்கத்து விவசாயிகளுக்கும் எதிரே பாக்பத், ஷாம்லி பக்கத்து விவசாயிகளுக்கும் அறுவடை நேரத்தில் மோதல் வருவது இதனால்தான். நான் உழுதேன், நீ அறுத்தாய் என்று. சட்டம் டெல்லியில் தெளிவாக இருக்கிறது, வயலில் அதைக் காட்டுகிற கல் இல்லை.

நம் பக்கத்துக் காவிரி இதற்கு நேர்மாறு. மேகதாட்டுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் தொடங்கி, பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக மேட்டூர் நீர்த்தேக்கத்தை நெருங்கும் வரை காவிரியே கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை. அங்கே அது பாறைக்குள் ஓடுகிறது. அரித்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போக அதற்கு வழியில்லை. ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறினால் இடக்கரை தருமபுரி மாவட்டம், வலக்கரை சாமராஜநகர் மாவட்டம். நடுவில் இருக்கும் பாறைத் திட்டுகள் யாருடையவை என்ற கேள்வி மட்டும் அவ்வப்போது எழும். 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின்போது கர்நாடகத்தில் கிளம்பிய எதிர்ப்பில் அதுவும் ஒரு பேச்சாக இருந்தது. ஆனால் அங்கே உண்மையான சண்டை எல்லைக்கோட்டைப் பற்றியதே இல்லை, அதைத் தாண்டி வருகிற தண்ணீரைப் பற்றியது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. நடுவர் மன்றம் 2007இல் 192 டிஎம்சி என்றதும், உச்ச நீதிமன்றம் 2018இல் 177.25 டிஎம்சி என்று குறைத்ததும் அந்த இடத்தில் அளக்கப்படும் தண்ணீரைத்தான். எல்லை அசையாமல் இருந்தாலும் எல்லையில் ஓடுகிற பொருள் அசைகிறதே, அதற்கு எந்தச் சர்வேயரும் தீர்வு சொல்ல முடியாது.

இதைக் கிருஷ்ணாவில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மகாராஷ்டிரம், கர்நாடகம் தாண்டி வரும் அந்த ஆறு, 2014 ஜூன் 2 வரை கடைசிப் பகுதியில் ஆந்திரப் பிரதேசம் என்ற ஒரே மாநிலத்துக்குள் ஓடியது. அதன்மேல் கட்டிய ஸ்ரீசைலம், நாகார்ஜுன சாகர் அணைகளும் ஒரே அரசின் சொத்து. தெலங்கானா பிரிந்த அன்று ஆறு எல்லையானது, அணைகள் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே வந்துவிட்டன. ஸ்ரீசைலத்தில் இடக்கரை மின் நிலையம் தெலங்கானா கையில், வலக்கரை மின் நிலையம் ஆந்திரா கையில். நாகார்ஜுன சாகரில் இடது கால்வாய் ஒருவருக்கு முக்கியம், வலது கால்வாய் மற்றவருக்கு உயிர். அணையை இயக்கி வந்ததோ தெலங்கானா. 2023 நவம்பர் 30, தெலங்கானாவில் வாக்குப்பதிவு நடக்கிற நாள். அன்று விடியும் முன்பே ஆந்திரப் போலீஸ் அணைமேல் வந்து, மொத்தம் உள்ள 26 மதகுகளில் தங்கள் பக்கத்து 13 மதகுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவில் தடுப்பு வேலி போட்டு, வலது கால்வாயில் தண்ணீரைத் திறந்துவிட்டது. அணையின் மேல்தளத்தில், 13ஆம் மதகுக்குப் பக்கத்தில், இரு மாநிலப் போலீஸும் முகத்துக்கு முகம் நின்றது. கடைசியில் மத்திய அரசு தலையிட்டு, மத்தியப் படையை நிறுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2014இல் எல்லையை எழுதியவர்கள் ஆற்றைப் பிரித்தார்கள், மதகைத் திறக்கும் கையை முடிவு செய்யாமல் விட்டார்கள் என்பது என் கருத்து.

கோதாவரிக் கரையில் பத்ராசலத்தைப் பாருங்கள். 2014இல் போலவரம் அணைக்காகப் பக்கத்து மண்டலங்கள் ஆந்திராவுக்கு மாற்றப்பட்டன. கோயிலும் ஊரும் தெலங்கானாவில், சுற்றியிருக்கும் கிராமங்களும் கோயில் நிலமும் ஆந்திராவில். இங்கே எல்லையைத் தீர்மானித்தது நீர்த்தேக்கத்தில் மூழ்கப்போகிற நிலம்.

மலைகளுக்கு வருவோம். மலைமுகட்டு எல்லை ஆற்றெல்லையைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழைத்தண்ணீர் இரண்டாகப் பிரிகிற முகடு இடம் மாறாது, அங்கே விளைநிலமும் குறைவு. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவே பெரும்பாலான தூரம் மேற்குத் தொடர்ச்சி மலைதான் எல்லை. ஆனால் இங்கும் இரண்டு ஓட்டைகள் உண்டு.

ஒன்று, முகட்டின்மேலேயே ஏதாவது இருந்துவிட்டால். தேனி மாவட்டக் கூடலூருக்கு மேலே இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் அப்படிப்பட்டது. சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களை விடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறார்கள், கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. கோயில் யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இரண்டாவது, முகடு பிரித்து வைத்ததை மனிதன் துளைத்துவிட்டால். மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. அதற்குத் திருவிதாங்கூருடன் 1886இல் போட்ட 999 ஆண்டுக் குத்தகையால்தான், கேரளத்தில் நிற்கும் அணையைத் தமிழ்நாடு இயக்குகிறது. முகடு சரியாக எல்லை போட்டிருந்தும், அங்கேயும் சண்டை தண்ணீரில்தான் வந்தது.

மலையைத் தாண்டி மொழி எல்லை போட்ட இடங்களும் இதே வரிசையில் இருக்கின்றன. மலைக்குத் தெற்கிலும் மேற்கிலும் கிடக்கும் குமரி நிலம் திருவிதாங்கூருடையது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ் பேசும் மக்களின் போராட்டத்துக்குப் பின் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதனால் களியக்காவிளையில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. கடைத்தெருவில் நடந்துகொண்டே மாநிலம் மாறிவிடலாம். கண்ணுக்குத் தெரிகிற எந்த அடையாளமும் இல்லாத இந்த எல்லையில் ரத்தம் சிந்துகிற எல்லைத் தகராறு இன்று கிடையாது. இயற்கை எல்லைதான் அமைதி தரும் என்று சொல்பவர்கள் களியக்காவிளைச் சந்தையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மலையில் மோசமான எல்லை எது என்று கேட்டால் அடிவாரம் என்பேன். முகட்டைக் காட்டலாம், அடிவாரத்தை எங்கே என்று காட்டுவது? மலை சமவெளியில் கரைகிற இடம் பல மைல் அகலம். அசாமுக்கும் மிசோரமுக்கும் நடுவே இதுதான் பிரச்சினை. 1873ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கீழ் 1875இல் அறிவித்த கோட்டை மிசோரம் ஏற்கிறது. 1933இல் வேறொரு கோடு போட்டார்கள், அதை அசாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அடிவாரக் காடும் தோட்டமும். 2021 ஜூலை 26 அன்று லைலாப்பூர், வைரெங்டே அருகே இரு மாநிலப் போலீஸும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டன. அசாம் காவலர்கள் பலர் உயிரிழந்தார்கள். ஒரே நாட்டின் இரண்டு மாநிலப் போலீஸ், அடிவாரம் எது என்று தீர்மானிக்காமல் விட்ட இரண்டு பழைய அறிவிப்புகளுக்காக.

ஏரிகளைப் பற்றிச் சுருக்கமாக: பழவேற்காடு ஏரி ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பொது. மீனுக்கும் இறாலுக்கும் எல்லை தெரியாது, வலை வீசுகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தண்ணீர்மேல் கோடு தெரியாததால் இரு பக்க மீனவர்களுக்கும் உரசல் வந்துகொண்டே இருக்கிறது.

"சாட்டிலைட்டும் ஜிபிஎஸ்ஸும் இருக்கிற காலத்தில் இதெல்லாம் ஏன் தீரவில்லை?" என்று அடுத்து கேட்பீர்கள். கோட்டை அளப்பது இன்று எளிது. யமுனை போன்ற இடத்தில் எல்லைப் புள்ளி ஆற்றுக்குள் விழுந்தால், இரு பக்கமும் வெள்ளம் எட்டாத மேட்டில் துணைத் தூண்களை நட்டு, அங்கிருந்து இத்தனை மீட்டர், இந்தத் திசை என்று எழுதி வைக்க வேண்டும். படுகையில் நட்ட தூண் போனாலும் புள்ளி போகாது. ஆனால் அதோடு வேலை முடியாது. எதிர்க்கரையில் நிலம் மாட்டிக்கொண்ட விவசாயிக்கு அங்கே போய் உழவும், அறுத்ததை ஓட்டிவரவும், கடன் வாங்கவும், பயிர் போனால் நிவாரணம் பெறவும் வழி வேண்டும். அவருடைய பட்டாவை எதிர் மாநிலத்துத் தாசில்தார் ஏற்க வேண்டும்.

அப்படி ஆற்றோர நிலம் வைத்திருக்கிறவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் சர்வே எண் எந்த மாநிலத்துக் கிராம வரைபடத்தில் இருக்கிறது என்று சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள், ஆறு இன்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை நம்பாதீர்கள். வெள்ளம் வடிந்ததும், விதைப்புக்கு முன்னால், இரு மாவட்ட வருவாய்த் துறையும் சேர்ந்து அளக்க வேண்டும் என்று எழுத்தில் மனு கொடுங்கள். பயிர் நின்ற பிறகு கொடுக்கிற மனுவைப் போலீஸ்தான் முதலில் பார்க்கும்.